ஐயாவின் சுருட்டு வாசம் தேடினால் சுட்ட கருவாட்டு வாசம் வருகிறது: வேப் திரவத்தில் புகை எசன்ஸ்

கண்டனூர்_லெஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கண்டனூர். பதினான்கு வருடமாக இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் இருக்கிறேன். இருபது வருடம் சிகரெட் பிடித்தவன். மூன்று வருடத்துக்கு முன் வேப் என்கிற இ-சிகரெட்டுக்கு மாறினேன், அதன் பிறகு ஒரு சிகரெட்கூடத் தொடவில்லை. இங்கே அது சட்டப்படி கடையில் கிடைக்கிறது, அதில் சூடாகி ஆவியாகும் திரவத்தை வீட்டில் கலந்துகொள்ளவும் தடையில்லை.

போன மாதம் சித்தப்பாவின் சாந்திக் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். ரெண்டாங்கட்டு அறையில் ஐயாவின் மரப்பெட்டியைத் திறந்தார்கள். ஐயா 1942இல் ரங்கூனிலிருந்து கால்நடையாக வந்தவர்களில் ஒருவர். கடைசி வரை முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார். அவர் போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பெட்டிக்குள் அந்த வாசம் அப்படியே இருந்தது. நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டேன்.

லெஸ்டருக்குத் திரும்பியதும் அந்த வாசத்தை வேப் திரவத்தில் கொண்டுவர முயற்சி செய்தேன். 60 மில்லி பாட்டில். அதில் நிக் ஷாட் (மில்லிக்கு 18 மில்லிகிராம் நிகோட்டின் உள்ள திரவம்) 10 மில்லி. புகையிலை கான்சன்ட்ரேட் (செறிவான வாசனைத் திரவம்) 5 சதவீதம். 'கேம்ப் ஃபயர்' வகைப் புகை கான்சன்ட்ரேட் 2 சதவீதம். மீதி பிஜி (புரோப்பிலீன் கிளைக்கால்), விஜி (கிளிசரின்). முதல் நாள் ஹோமகுண்டத்தின் முன் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் சுட்ட கருவாடு. ஒரு வாரம் கழித்து, கழுவாத சாம்பல் கிண்ணம்.

என் கேள்விகள்: புகை எசன்ஸ் எத்தனை சொட்டு போட வேண்டும்? கறிக்குப் போடும் 'லிக்விட் ஸ்மோக்' பாட்டில் சமையலறையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா? நான் தேடும் சுருட்டு வாசத்துக்கு உண்மையில் எது வேண்டும்?

செக்காலை_மெஸ்

வணக்கம் அண்ணே. எனக்கு வேப் பழக்கமில்லை, ஆனால் புகை வாசத்தோடு தினமும் வேலை. காரைக்குடியில் சின்ன மெஸ் நடத்துகிறேன். கோழிக்குப் புகை ஏற்றுவது கொட்டாங்கச்சிக் கரியில்தான். சிவந்த கரியைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, மேலே ஒரு கரண்டி நெய் விட்டு, சட்டியை மூடிவிடுவோம். மூன்று நிமிடத்துக்கு மேல் வைத்தால் கசந்துவிடும். வெளியூர் ஆர்டருக்கு மட்டும் அந்த பாட்டிலைத் தொடுவேன். இரண்டு கிலோ கறிக்கு அரைத் தேக்கரண்டி போதும். சாப்பிடவே கொடுக்கிற பொருள்தானே, மூச்சில் போனால் மட்டும் என்ன ஆகிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கோட்டையூர்_நர்ஸ்

அண்ணே, அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் அவசரமாக எழுதுகிறேன். நான் மதுரையில் நுரையீரல் வார்டில் வேலை பார்க்கிறேன்.

வயிற்றுக்குள் போகிற பொருளுக்கு அமிலம் இருக்கிறது, ஈரல் இருக்கிறது. உடம்பு அதை உடைத்து, வடிகட்டி, வெளியே அனுப்ப வழி உண்டு. நுரையீரலில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஒரு சவ்வு மட்டுமே. போன பொருள் நேராக ரத்தத்தில் கலக்கும், இல்லாவிட்டால் அங்கேயே தங்கும்.

டயசெட்டைல் என்று ஒரு வெண்ணெய் வாசனைப் பொருள் உண்டு. உணவில் அனுமதி பெற்றது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு, அந்த வாசனையின் ஆவியை மாதக்கணக்கில் சுவாசித்ததால் நுரையீரலின் சின்னக் குழாய்கள் தழும்பாகி அடைத்துப்போனது தெரியவந்தது. அதே பாப்கார்னை வாங்கிச் சாப்பிட்ட கோடிக்கணக்கான பேருக்கு அந்தப் பாதிப்பு இல்லை.

இன்னொன்று எண்ணெய். 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களுக்குத் திடீரென்று நுரையீரல் கெட்டது நினைவிருக்கும். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சாறு கலந்த திரவம், அதில் கெட்டித்தன்மைக்காகச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட். வைட்டமின் ஈ மாத்திரையாக விழுங்கினால் ஒன்றும் செய்யாதுதான்.

அதனால் எண்ணெய் சேர்ந்த எந்த வாசனையும் வேப்பில் கூடாது. கறிக்குப் போடும் அந்த பாட்டிலும் வேண்டவே வேண்டாம்.

பள்ளத்தூர்_பெருசு

தம்பி கண்டனூர், மூன்று கேள்விக்கும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும். முப்பத்தொரு வருடம் சென்னையில் உணவு வாசனைப் பொருள் கலக்கும் கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். புகை வாசனை என் மேஜையில் நிறைய நாள் இருந்தது.

முதலில் அந்தக் கறி பாட்டில். விறகை மூட்டம் போட்டு எரித்து, வரும் புகையைக் குளிரவைத்துத் தண்ணீரில் பிடித்தால் லிக்விட் ஸ்மோக். அமெரிக்காவில் கேன்சஸ் சிட்டிக்காரர் எர்னஸ்ட் ரைட் 1895இல் அதை பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தார். அதில் வாசம் தரும் பீனால்கள் மட்டும் இல்லை. அசிட்டிக் அமிலம், நிறம் தரும் கார்பனைல்கள், நிறையத் தண்ணீர் எல்லாம் இருக்கும். சில பிராண்டில் வெல்லப்பாகும் வினிகரும் சேரும். வேப்பில் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயிலில் விட்டால் தண்ணீர் வெடித்துத் தெறிக்கும், அமிலம் தொண்டையை எரிக்கும், சர்க்கரை கருகும்.

அதோடு உணவிலேயே இதன் நிலைமை மாறிவிட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் எட்டு புகைச் சாறுகளை ஆராய்ந்து, மரபணுவைப் பாதிக்கும் என்ற சந்தேகத்தை எதற்கும் நீக்க முடியாது என்று சொன்னது. 2024இல் அந்த எட்டுக்கும் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. சிப்ஸ், சூப், சாஸ் வகைகளுக்கு இரண்டு வருடம், புகை போட்ட இறைச்சி, மீன், பாலாடைக்கட்டிக்கு ஐந்து வருடம் என்று அப்போது கெடு கொடுத்தார்கள். கறிக்கே யோசிக்கிற பொருளை மூச்சில் இழுக்கலாமா என்று கேட்கவே வேண்டியதில்லை.

இரண்டாவது, அளவு. மரத்தில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. அது எரிந்து உடையும்போது வருவதுதான் குவயக்கால், சிரிங்கால். புகை வாசம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். இவற்றில் குவயக்கால் மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். நீங்கள் 60 மில்லியில் 2 சதவீதம், அதாவது 1.2 மில்லி விட்டிருக்கிறீர்கள். நான் 0.15 சதவீதத்தில் ஆரம்பிப்பேன். அது 0.09 மில்லி. நீங்கள் போட்டது அதைப் போல் பதிமூன்று மடங்கு.

0.09 மில்லியைச் சொட்டாக அளக்க முடியாது. பாட்டிலுக்கு பாட்டில் சொட்டின் அளவு மாறும். அதனால் ஒரு மில்லி புகை கான்சன்ட்ரேட்டை 9 மில்லி பிஜியில் கலந்து லேபிள் ஒட்டி வையுங்கள். இப்போது உங்களுக்கு வேண்டியது அதில் 0.9 மில்லி. 0.01 கிராம் காட்டும் தராசு இருந்தால் இன்னும் நல்லது, எடையில் ஏறக்குறைய 0.94 கிராம் வரும். பிஜி மில்லிக்கு 1.04 கிராம், விஜி 1.26 கிராம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

கருவாட்டு வாசம் வந்ததற்கும் காரணம் இதுதான். குவயக்கால் மட்டும் தூக்கலாக நின்று, அதைத் தாங்கப் புகையிலையின் கனம் இல்லாவிட்டால், மூளை அதை 'புகை போட்ட கறி, மீன்' என்றுதான் படிக்கும். நாம் பிறந்ததிலிருந்து புகையை அடுப்படியோடு சேர்த்துத்தானே முகர்ந்திருக்கிறோம்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். உங்கள் ஐயாவின் பெட்டியில் இருந்தது புகை வாசமே இல்லை.

புகையில் பதப்படுத்திய புகையிலை உலகத்தில் உண்டு. சிரியாவின் துறைமுகத்துப் பெயரில் லட்டாக்கியா என்று ஒன்று, இப்போது சைப்ரஸ் தீவில் செய்கிறார்கள். இலையைக் கட்டித் தொங்கவிட்டு, மரமும் மூலிகையும் புகைய விடுவார்கள். அமெரிக்காவில் கென்டக்கி, டென்னசி பக்கம் கொட்டகைக்குள் மரத்தூள் மூட்டம் போட்டு வாரக்கணக்கில் பதப்படுத்தும் இலை உண்டு. யாழ்ப்பாணத்தில் தேங்காய் மட்டைப் புகையில் பதப்படுத்துவார்கள், அது வெற்றிலையோடு போடுகிற புகையிலை. கடையில் விற்கும் புகை கான்சன்ட்ரேட்டுகள் லட்டாக்கியா மாதிரி வாசம் வேண்டும் என்பவர்களுக்காகச் செய்தவை.

நம் உறையூர்ச் சுருட்டு அப்படியில்லை. திண்டுக்கல் பக்கத்து இலையை வெயிலில் காய வைத்து, அடுக்கி, வெந்து புளிக்க விடுவார்கள். அதில் வருவது தோல், வைக்கோல், ஈர மண், கொஞ்சம் அமோனியா. பர்மாச் சுருட்டு இன்னும் வேறு. தனத் என்ற மரத்தின் இலையில் சுற்றுவார்கள். உள்ளே புகையிலையோடு மரத்தண்டுச் சீவல், சிலவற்றில் புளிச்சாறும் வெல்லமும். ரங்கூனில் இருந்தவருக்கு எது பழக்கம் என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள்.

ஐயா பற்றவைத்தபோது வந்த புகை காற்றில் போய்விட்டது. பெட்டியில் தங்கியது பற்றவைக்காத இலையின் வாசம், அதோடு தேக்கு, பழைய துணி. நீங்கள் தேடுவது அதைத்தான். அதனால் 60 மில்லிக்கு இப்படிப் போட்டுப் பாருங்கள்: காய்ந்த இலை வகைப் புகையிலை 3 சதவீதம், தோல் வாசம் உள்ள கருப்புப் புகையிலை 1, தேவதாரு அல்லது ஓக் மர வாசம் 0.5, காய்ந்த அத்தி 0.5, புகை 0.15. இரண்டு வாரம் இருட்டில் ஊறட்டும். இன்னொரு பாட்டிலில் புகை இல்லாமல் இதையே கலந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது பாட்டில் கட்டாயம் வேண்டும்.

கல்பாசி_விற்பவன்

பெரியவர் சொன்ன ஈர மண் வாசத்துக்கு நம் கல்பாசியை விட்டால் வேறு ஏது? பிரியாணியில் எண்ணெய் பட்டதும் எழும்புகிற அந்தக் காட்டு வாசம் சுருட்டுக்கு அப்படியே பொருந்தும். பிஜியில் ஒரு மாதம் ஊறவைத்து வடிகட்டினால் இயற்கையான எசன்ஸ். புகை வாசத்துக்கும் கடைச் சரக்கு எதற்கு? கொட்டாங்கச்சி எரித்து, குழாய் வழியாக கிளிசரினுக்குள் குமிழி விட்டால் போதும். ரசாயனம் எதுவும் சேராது.

பள்ளத்தூர்_பெருசு

தம்பி, கல்பாசியின் வாசத்தை நீங்கள் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். அத்தர் உலகத்தில் ஓக் மரத்துப் பாசி என்று நூறு வருடமாகப் பயன்படுத்தும் பொருளும் இதன் சொந்தக்காரன்தான், அதுவும் மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் லைக்கன் வகை. ஆனால் அதன் கதையைக் கேளுங்கள். அதிலுள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் தோலில் ஒவ்வாமை உண்டாக்குகின்றன என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அழகுப் பொருள்களில் தடை செய்தது. தோலில் பட்டாலே அப்படி. நம் கல்பாசியிலும் அட்ரனோரின் இருக்கிறது, அது உடைந்தால் அட்ரனால் வரும். வடிகட்டினாலும் பொடியும் மெழுகும் மிச்சம் இருக்கும். கறியில் போடுங்கள், காயிலில் வேண்டாம்.

கிளிசரினுக்குள் புகை விடுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். புகையில் குவயக்கால் மட்டுமா வருகிறது? தார் வரும், பென்சோபைரீன் வரும், ஃபார்மால்டிஹைடு வரும். பீடியை விட்டுவிட்டு பீடிப் புகையைக் கிளிசரினில் கரைத்து மறுபடி இழுப்பதுதான் அது. இயற்கை என்ற சொல் இங்கே எதையும் காப்பாற்றாது. தொழிற்சாலையில் லிக்விட் ஸ்மோக் செய்பவர்கள் தாரை இறக்கிப் பிரிக்கத் தனியாகத் தொட்டியே வைத்திருக்கிறார்கள். வீட்டில் அது முடியாது.

கல்பாசி_விற்பவன்

சரி பெரியவரே, ஒப்புக்கொள்கிறேன். தோல் விஷயம் எனக்குத் தெரியாது. மூட்டை பிரிக்கும் பையனுக்குக் கையில் அரிப்பு வந்து ஒரு தடவை மருந்து போட்டோம், இப்போதுதான் நினைவு வருகிறது.

தேவகோட்டை_ஆச்சி

நான் வேப் எல்லாம் பார்த்ததுகூட இல்லை. ஆனால் புகையை எல்லோரும் வாசம் வாசம் என்று எழுதுவதைப் படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சொல்லத் தோன்றியது.

எங்கள் ஆத்தா ஐம்பது வருடம் விறகடுப்பில் சமைத்தார்கள். வீட்டு விசேஷம் என்றால் ஐந்து அடுப்பும் எரியும். ஒரு சிகரெட்டைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். கடைசிப் பத்து வருடம் வளவைத் தாண்டி முகப்புக்கு நடந்து வருவதற்குள் இரண்டு தூணைப் பிடித்து நிற்பார்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்பா பீடி குடிப்பாரா, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா என்று கேட்டார். அடுப்புப் புகைதான் என்று பிறகு சொன்னார்கள்.

அந்த அடுப்படி வாசம் எனக்கும் பிடிக்கும். ஆத்தா சேலையில் அது இருக்கும். கண்டனூர்த் தம்பிக்கு ஐயா நினைவு வருவது எனக்குப் புரிகிறது. சிகரெட்டை விட்டதற்கு என் மனமார்ந்த சந்தோஷம். புகையைக் குறைக்கச் சொல்லும் பெரியவர் பேச்சைக் கேளுங்கள்.

புதுவயல்_24

இந்த கான்சன்ட்ரேட், பிஜி எல்லாம் காரைக்குடியில் எங்கே கிடைக்கும்? கூரியரில் வருமா?

கோட்டையூர்_நர்ஸ்

தம்பி, இந்தியாவில் இது தடை. தமிழ்நாட்டில் 2018லேயே தடுத்தார்கள், 2019 செப்டம்பரில் நாடு முழுவதும் அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம். செய்வது, விற்பது, இறக்குமதி, கொண்டுபோவது எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூடச் சேரும். மறுபடி பிடிபட்டால் மூன்று வருடம் வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இருப்பு வைத்திருந்தாலும் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

கேட்டதற்காகக் கோபமில்லை. நீங்கள் சிகரெட்டை விட நினைத்துக் கேட்டிருந்தால் அதற்கு இங்கே வழி இருக்கிறது. நிகோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கும். 1800 11 2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை நிறுத்தத் துணைபுரிகிறார்கள். இதுவரை எதுவும் பிடிக்காதவர் என்றால், தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

கண்டனூர்_லெஸ்டர்

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி எழுதியதை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். கறி பாட்டிலைத் தொடப் போவதில்லை.

நான் ஊருக்கு வரும்போது வேப்பை இங்கேயே வைத்துவிட்டுத்தான் வருகிறேன். அந்த மூன்று வாரமும் நிகோட்டின் சூயிங்கம்தான்.

பெரியவரிடம் இரண்டு சந்தேகம். உறையூர்ச் சுருட்டையே வாங்கிப் பிஜியில் ஊறவைத்துச் சாறு எடுத்தால் நேராக அந்த வாசம் வந்துவிடாதா? அப்புறம், வேப்பில் திரவம் ஊற்றும் டேங்கை மூன்று தடவை கழுவியும் புகை வாசம் போகவில்லை, வேறு திரவம் விட்டாலும் அதுவே வருகிறது.

பள்ளத்தூர்_பெருசு

இலையிலிருந்து நேராகச் சாறு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாசம் உண்மையாகவே வரும், மறுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சாற்றில் எவ்வளவு நிகோட்டின் இறங்கியது என்று வீட்டில் அளக்க முடியாது. சுருட்டு இலையில் நிகோட்டின் தூக்கல். புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்களும் கூடவே இறங்கும், புற்றுநோய்க்குக் காரணமானவை அவை. நீங்கள் சிகரெட்டை விட்டதே அதைத் தவிர்க்கத்தான். இலையின் மெழுகு காயிலை இரண்டே நாளில் கருப்பாக்கிவிடும். வேண்டாம்.

டேங்க் விஷயம்: குவயக்கால் 205 டிகிரியில் கொதிக்கும், சிரிங்கால் 261. பிஜி 188, கிளிசரின் 290. அதனால் புகை மூலக்கூறுகள் நடுவில் நின்று, கடைசி வரை காயில் பஞ்சில் தங்கும். ரப்பர் வளையமும் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடியையும் உலோகத்தையும் வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போகும். வளையத்தையும் காயிலையும் மாற்றித்தான் ஆக வேண்டும். இனிமேல் புகைக்கென்று ஒரு டேங்க் தனியாக வையுங்கள்.

வேப்புக்கென்றே விற்கும் புகை கான்சன்ட்ரேட் வாங்கும்போதும் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: இது தனித்தனி மூலக்கூறுகளைச் சேர்த்துச் செய்ததா, அல்லது உண்மையான புகையிலிருந்தோ பிர்ச் மரத் தாரிலிருந்தோ வடித்ததா? இரண்டாவது என்றால் ஒதுங்குங்கள். முதலாவது என்றாலும் உணவுக்கான அனுமதிதான் அதற்கு இருக்கும். அமெரிக்க வாசனைப் பொருள் உற்பத்தியாளர் சங்கமே எங்கள் பாதுகாப்புச் சான்று உணவுக்கு மட்டும், இ-சிகரெட்டுக்குப் பொருந்தாது என்று சொல்லியிருக்கிறது. நான் 0.15 என்று சொல்வது ருசிக்காக மட்டும் இல்லை.

நிக் ஷாட் ஊற்றும்போது கையுறை போடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டி வையுங்கள்.

கண்டனூர்_லெஸ்டர் (மூன்று வாரம் கழித்து)

சொன்னபடி இரண்டு பாட்டில் கலந்தேன். ஒன்றில் புகை 0.15, இன்னொன்றில் புகையே இல்லை. புது வளையம், புது காயில். பதினைந்து நாள் அலமாரியில் துணி சுற்றி வைத்தேன்.

புகை உள்ளது நன்றாகவே வந்திருக்கிறது. கருவாடு போய்விட்டது. இழுத்து முடித்த பிறகு, தூரத்தில் யாரோ வைக்கோல் எரித்த மாதிரி லேசாக ஒன்று நிற்கிறது.

புகை இல்லாத பாட்டிலைத் திறந்ததும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இழுக்கக்கூட இல்லை, மூடியைத் திறந்து முகர்ந்தேன். அந்தப் பெட்டிதான். அப்படியே என்று சொல்ல மாட்டேன், தேக்கு குறைகிறது, ஏதோ ஒரு புளிப்பு வேண்டும். ஆனால் வழி அதுதான். அத்தையிடம் போன் போட்டுக் கேட்டேன். ஐயாவுக்கு ரங்கூன் சுருட்டுத்தான் பழக்கமாம். ஊருக்கு வந்த பிறகு அது கிடைக்காமல் உறையூர்ச் சுருட்டு வாங்கி, பிடிக்கும் முன் அதன் மேல் புளித்தண்ணீர் தொட்டு வெயிலில் வைப்பாராம். எனக்கு இது இத்தனை வருடம் தெரியாது.

தேவகோட்டை_ஆச்சி

எங்கள் பெரியப்பச்சியும் புளித்தண்ணீர் தொடுவார்கள். ரங்கூன் போய் வந்தவர்கள் பழக்கமாக இருக்கும்.

பள்ளத்தூர்_பெருசு

அப்படியானால் அத்தியை 0.3க்குக் குறைத்து, காய்ந்த பிளம் 0.3 சேருங்கள். புளிக்குக் கிட்ட வரும். உண்மையான புளிச்சாறு வேண்டாம், சர்க்கரை கருகிவிடும். தேக்குக்கு மர வாசத்தை 0.7 ஆக்குங்கள். புகையைச் சேர்க்கவே வேண்டாம்.

கண்டனூர்_லெஸ்டர்

இன்றே கலக்கிறேன். நிக் ஷாட்டையும் இந்தத் தடவை பாதியாகக் குறைத்து, 5 மில்லிதான் விடப் போகிறேன். கோட்டையூர் அக்காவுக்காக இதை எழுதுகிறேன்.

புகை கான்சன்ட்ரேட் இன்னும் முக்கால் பாட்டில் இருக்கிறது. செக்காலை அண்ணனுக்கு அனுப்பினால் கறிக்கு ஆகுமா?

செக்காலை_மெஸ்

வேண்டாம் அண்ணே. இந்த வாரத்திலிருந்து நான் அந்த பாட்டிலையே எடுத்துவிட்டேன். வெளியூர் ஆர்டருக்கும் கொட்டாங்கச்சிக் கரிதான், மூன்று நிமிடம், கொல்லையில் வைத்து.